டிடிபி அக்கா பதில்கள்: அறுபது என்றால் எந்த அறுபது?

ஆடிப்பெருக்கன்று சிவகாசியில் காலண்டர் ஆல்பம் வெளியானால், அன்றிலிருந்து கணினியில் அச்சுப் பக்கம் அமைக்கும் எங்கள் டிடிபி அறைகளில் தூக்கம் குறையும். இந்த சீசனில் எனக்குக் கடிதமும் கூடிவிட்டது. ஏஐ ஏஜென்ட்டை இன்டிசைன், இல்லஸ்ட்ரேட்டர் என்ற அடோபி வடிவமைப்பு மென்பொருள்களோடு கோர்த்துவிட்டவர்கள்தான் அதிகம் எழுதுகிறீர்கள். வாய்மொழியாகச் சொன்னால் தானே கருவியை எடுத்து வேலையைச் செய்து முடிக்கும் ஏஐக்குத்தான் ஏஜென்ட் என்று பெயர். அது எடுக்கும் கருவிக்கு விளக்கக் குறிப்பு எழுதுவதில்தான் எல்லோரும் மாட்டிக்கொண்டு நிற்கிறீர்கள். அதனால் இந்த முறை பக்கம் முழுக்க அதற்கே.

கேள்வி: அக்கா, காலண்டரில் கடைப் பேர் போட நானே எழுதிய ஸ்கிரிப்ட் (மென்பொருளுக்கான கட்டளை நிரல்) இருபதுக்கு மேல் வைத்திருக்கிறேன். ஐந்து வருஷமாகப் பிசகில்லாமல் ஓடுகிறது. இப்போது எம்சிபி என்ற இணைப்பு முறை வழியாக அவற்றை ஏஜென்ட்டிடம் கொடுத்தேன். என் கையில் ஒழுங்காக ஓடுவது அதன் கையில் கோணலாகிறது. தப்பு ஸ்கிரிப்ட்டிலா, ஏஐயிலா? (வாசகர், சிவகாசி)

பதில்: நம்ம ஊரா? அப்படியானால் ஒளிக்காமல் சொல்லலாம். போன சீசனில் நானும் இதே குழியில் விழுந்தேன்.

340 கடைகளுக்குப் பேர் போடும் வேலை. ‘பேர்_போடு’ என்று ஒரு இல்லஸ்ட்ரேட்டர் ஸ்கிரிப்ட் என்னிடம் உண்டு. அதை ஏஜென்ட்டுக்குக் கொடுத்தபோது நான் எழுதிய விளக்கம் மொத்தமே இவ்வளவுதான்: ‘காலண்டர் தலைப்பில் கடைப் பெயரைப் பதிக்கும். அகலம் கொடுக்கவும்.’ பெட்டி அகலம் 60 மி.மீ. என்று ஏஜென்ட்டிடம் சொன்னேன். அது கருவிக்கு 60 என்று அனுப்பியது. இல்லஸ்ட்ரேட்டர் ஸ்கிரிப்ட்டுக்கு மில்லிமீட்டர் தெரியாது. எண்ணைக் கொடுத்தால் பாயின்ட் என்றே எடுத்துக்கொள்ளும். ஓர் அங்குலத்துக்கு 72 பாயின்ட். 60 பாயின்ட் என்றால் 21 மி.மீ. ஜவுளிக் கடைப் பேர் தீப்பெட்டி லேபிளில் ஓரமாகப் போடுகிற சின்ன வரி மாதிரி வந்து நின்றது.

இது எனக்குத் தெரியாததா? கையால் ஓட்டும்போது 60 மி.மீ. வேண்டுமென்றால் 170 என்றுதான் தட்டுவேன். அந்த 170 என் விரலில் இருந்தது, எழுத்தில் எங்கேயும் இல்லை. எம்சிபியை ஆந்த்ரோபிக் என்ற ஏஐ நிறுவனம் 2024 நவம்பரில் வெளியிட்டது. ஏஐக்கும் வெளிக் கருவிகளுக்கும் நடுவே ஒரு பொதுவான செருகி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் வழியாகப் போகும் ஏஜென்ட், கருவியை எடுக்கும்போது ஸ்கிரிப்ட்டைத் திறந்து படிப்பதில்லை. அதற்குத் தெரிவதெல்லாம் கருவியின் பேர், அதற்கு நீங்கள் எழுதிய விளக்கம், என்னென்ன உள்ளீடு என்ற பட்டியல். நீங்கள் எழுதாமல் விட்ட இடத்தை அது ஊகித்து நிரப்பிக்கொள்ளும். சந்தேகம் வந்தால்தானே கேட்கும்? அகலம் 60 என்பதில் அதற்குச் சந்தேகமே வரவில்லை.

இன்னொரு கூத்து. வேலை முடிந்ததும் ‘340 கோப்புகளும் வெற்றிகரமாக முடிந்தன’ என்று எழுதியது. பொய் சொல்லவில்லை, பாவம். என் கருவி முடிந்ததும் ‘சரி’ என்று ஒரே வார்த்தையைத்தான் திருப்பிக் கொடுக்கும். 340 தடவை ‘சரி’ வந்தது. அதை எண்ணிச் சொன்னது. முதல் எட்டுக் கடைக்குக் கறுப்புப் பிளேட் போட்ட பிறகுதான் பிளேட் போடும் தம்பி சத்தம் போட்டான். முதலாளி ஒரு வார்த்தை திட்டவில்லை. அந்த எட்டுப் பிளேட்டையும் கொண்டுவந்து என் மேஜை ஓரத்தில் சாய்த்து வைத்துவிட்டுப் போனார். பொங்கல் வரை அங்கேயே இருந்தன.

பிறகு திருத்தி எழுதிய விளக்கத்தை அப்படியே தருகிறேன்:

‘பேர்_போடு. திறந்திருக்கும் கோப்பில் “கடைப்பெயர்” என்ற லேயரில் உள்ள எழுத்துப் பெட்டியின் வாசகத்தை மாற்றும். புதுப் பெட்டி உருவாக்காது. அந்த லேயர் இல்லையென்றாலோ பூட்டியிருந்தாலோ எதையும் தொடாமல் பிழை சொல்லும். அகலம்_மிமீ: மில்லிமீட்டரில், 40 முதல் 180 வரை; பாயின்ட்டாக மாற்றுவது கருவியின் வேலை. பேர் பெட்டியில் அடங்காவிட்டால் எழுத்தளவை 14 பாயின்ட் வரை குறைக்கும். அதிலும் அடங்காவிட்டால் நிறுத்திவிடும். எழுத்தைப் பக்கவாட்டில் நசுக்காது. கோப்பைச் சேமிக்காது, அதற்கு “பிரதி_சேமி” உண்டு. திருப்பித் தருவது: பதிந்த வாசகம், அளந்து பார்த்த அகலம் மி.மீ.யில், கடைசி எழுத்தளவு, எழுத்து வழிந்ததா இல்லையா.’

உள்ளீட்டின் பேரிலேயே ‘மிமீ’ ஒட்டியிருப்பதைக் கவனியுங்கள். விளக்கத்தைச் சரியாகப் படிக்காவிட்டாலும் பேரைப் படித்தே ஆக வேண்டும். 40 முதல் 180 என்ற வரம்பைக் குறிப்பில் எழுதியதோடு விடவில்லை, ஸ்கிரிப்ட்டிலும் போட்டேன். வெளியே போனால் கருவி மறுத்துவிடும். ‘புதுப் பெட்டி உருவாக்காது’ என்ற வரி எதற்கென்றால், ஒரு தடவை லேயர் கிடைக்காமல் பழைய பேருக்கு மேலேயே புதுப் பேரை எழுதிவிட்டது. நசுக்காதே என்றது என் சொந்தக் கோபம். அகலத்தை 70 சதவீதத்துக்கு இறுக்கிய ‘ணை’யையும் ‘ஞா’வையும் பார்த்தால் எனக்குச் சோறு இறங்காது.

இந்த மாற்றங்களில் எதிலாவது ஒன்றை மட்டும்தான் செய்ய நேரம் இருக்கிறது என்றால், கடைசி வரியைச் செய்யுங்கள். கருவி தான் செய்ததை அளந்து திருப்பிச் சொன்னால், ‘கேட்டது 60, வந்தது 21’ என்று ஏஜென்ட்டே முழிக்கும்.

கேள்வி: ஏஜென்ட் லோகோவைப் பக்கத்துக்கு வெளியே, மேலே கொண்டுபோய் வைக்கிறது. இன்டிசைனில் சரியாக வைத்த அதே எண்களைத்தான் இல்லஸ்ட்ரேட்டரிலும் கொடுத்தேன். (வாசகி, கோயம்புத்தூர்)

பதில்: ஒரே கம்பெனி மென்பொருள்தானே என்று நம்பிவிட்டீர்கள். இன்டிசைன் ஸ்கிரிப்ட்டில் ஒரு பெட்டியின் எல்லையை மேல், இடது, கீழ், வலது என்ற வரிசையில் சொல்ல வேண்டும். இல்லஸ்ட்ரேட்டரில் இடது, மேல், வலது, கீழ். இன்டிசைனில் கீழே போகப் போக எண் கூடும். இல்லஸ்ட்ரேட்டர் ஸ்கிரிப்ட்டில் மேலே போனால்தான் கூடும். ஆர்ட்போர்டின், அதாவது வரையும் பக்கத்தின், மேல் விளிம்பிலிருந்து கணக்கு ஆரம்பிப்பதால் பக்கத்துக்குள் இருப்பதெல்லாம் மைனஸில் வரும். நீங்கள் 100 என்றால் அது பக்கத்தின் தலைக்கு மேலே 100.

குறிப்பில் இந்தக் கதையை எல்லாம் விளக்க வேண்டாம். நான்கு எண் கேட்காதீர்கள். இடமிருந்து_மிமீ, மேலிருந்து_மிமீ, அகலம்_மிமீ, உயரம்_மிமீ என்று பேர் சொல்லிக் கேளுங்கள். மைனஸ் போடுவதைக் கருவிக்குள்ளே ஒளித்துவிடுங்கள். ஏஜென்ட்டுக்குக் கற்றுக்கொடுப்பதைவிட, அது தப்புச் செய்ய வழியில்லாமல் அடைப்பது சுலபம். ‘மேலிருந்து’ என்றால் வெட்டிய தாளின் மேலிருந்தா, பிளீடோடு (வெட்டிப்போகும் ஓரம்) சேர்த்தா என்பதை மட்டும் எழுதிவிடுங்கள். அந்த 3 மி.மீ.யில்தான் கட்டிங்காரர் சண்டைக்கு வருவார்.

கேள்வி: ராத்திரி 200 நோட்டீஸுக்கு ஓடவிட்டுவிட்டுப் போனேன். காலையில் வந்து பார்த்தால் ஏழாவதில் நிற்கிறது. திரையில் ‘ஃபான்ட் இல்லை’ என்று ஒரு பெட்டி, ஓகே அமுக்க ஆள் இல்லாமல். (வாசகர், ஈரோடு)

பதில்: ஏஜென்ட்டுக்கு அந்தப் பெட்டி கண்ணிலேயே பட்டிருக்காது. கருவி பதில் சொல்லவில்லை என்று காத்திருந்திருக்கும்.

மூன்று அடோபி மென்பொருளிலும் ஸ்கிரிப்ட் ஓடும்போது எச்சரிக்கைப் பெட்டிகளை அடக்கிவைக்க வழி உண்டு. இன்டிசைனில் பயனரிடம் பேசும் அளவை ‘நெவர் இன்டராக்ட்’ என்று வைக்கலாம், போட்டோஷாப்பில் டயலாக் வேண்டாம் என்று வைக்கலாம், இல்லஸ்ட்ரேட்டரிலும் அப்படியே. இதைப் படித்ததும் ஓடிப்போய்ச் செய்துவிடாதீர்கள், அடுத்த வரியையும் படியுங்கள். பெட்டியை அடக்கினால் அந்தப் பெட்டி சொல்ல வந்த செய்தியையும் அடக்கிவிடுகிறீர்கள். ஃபான்ட் இல்லாத கோப்பு வாயைத் திறக்காமல் வேறு ஃபான்ட்டில் ஓடி, மீதி 194 நோட்டீஸிலும் தமிழ் இருக்க வேண்டிய இடத்தில் கட்டம் கட்டமாக வந்து நிற்கும். ராத்திரியிலேயே நின்றுபோனது உங்கள் நல்ல காலம்.

எனவே பெட்டியை அடக்கும் கருவி, கோப்பைத் திறந்ததும் இல்லாத ஃபான்ட், விட்டுப்போன படம், வழிந்த எழுத்து மூன்றையும் தானே தேடி, ஒன்று இருந்தாலும் அந்தக் கோப்பைத் தள்ளிவைத்துவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும். அப்படிச் செய்கிறது என்பதைக் குறிப்பில் எழுத வேண்டும். எழுதாவிட்டால் ஏஜென்ட் ‘உதவி’ செய்வதாக நினைத்துத் தானே ஒரு ஃபான்ட்டைத் தேர்ந்தெடுக்கும். ‘ஃபான்ட்டை மாற்றாதே, ஆளிடம் சொல்’ என்று தனி வரியாகவே என் குறிப்பில் இருக்கிறது.

கேள்வி: அக்கா, எங்கள் அச்சகத்தில் முந்தைய கும்பாபிஷேக மலர்கள் எல்லாம் பாமினி எழுத்துருவில் கணனியில் இருக்கின்றன. அவற்றைத் தேடி எடுத்துத் தரும்படி ஏஜென்ட்டிடம் கேட்டால் ‘இந்தக் கோப்பில் தமிழ் இல்லை’ என்கிறது. கண்ணுக்கு முன்னால் தமிழ் தெரிகிறது! (வாசகர், யாழ்ப்பாணம்)

பதில்: உங்கள் கண்ணுக்குத் தெரிவது எழுத்துரு வரைந்து காட்டும் படம். கோப்புக்குள் கிடப்பது ஆங்கில எழுத்து; தமிழுக்கென்றே தனி எண் கொடுக்கும் யூனிகோட் அல்ல. பாமினியில் ‘தமிழ்’ என்று வர நீங்கள் தட்டியது ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி. ஏஜென்ட் படிப்பது அந்த ஐந்தையும்தான். அது ‘தமிழ் இல்லை’ என்று சொன்னால் நன்றி சொல்லுங்கள். ‘இதில் நிறைய எழுத்துப் பிழை இருக்கிறது, திருத்தட்டுமா?’ என்று கேட்டு, சரி என்று யாராவது சொல்லியிருந்தால் மலர் போச்சு.

முதல் வேலை: வாசகத்தை எடுத்துத் தரும் கருவி, கூடவே ஒவ்வொரு துண்டின் எழுத்துருப் பேரையும் தர வேண்டும். குறிப்பில் இப்படி எழுதுங்கள்: ‘எழுத்துரு பாமினி என்று இருந்தால் இது யூனிகோட் அல்ல. படிக்கும் முன் “பாமினி_மாற்று” கருவியில் கொடு. மாற்றாமல் திருத்தவோ, மொழிபெயர்க்கவோ, சுருக்கவோ கூடாது.’

இரண்டாவதுதான் சிக்கல். ஒரே வரியில் விலாசம் பாமினியிலும் மின்னஞ்சல் முகவரி ஆங்கில எழுத்துருவிலும் இருக்கும். முழு வரியையும் தூக்கி மாற்றியில் போட்டால் மின்னஞ்சல் முகவரி தமிழ் எழுத்துக் குப்பையாகிவிடும். எழுத்துரு மாறும் இடத்தில் வெட்டி, பாமினித் துண்டை மட்டும் மாற்ற வேண்டும். இதைக் கருவி செய்கிறதா, ஏஜென்ட் செய்ய வேண்டுமா என்பதைக் குறிப்பு சொல்லியாக வேண்டும். கருவியே செய்வது நல்லது.

மாற்றிய யூனிகோட் தமிழைத் திரும்ப இன்டிசைனில் வைக்கும்போது பத்தியின் கம்போசர் (எழுத்தைக் கோர்த்து வரியாக்கும் அமைப்பு) ‘வேர்ல்ட்-ரெடி’யாக இருக்க வேண்டும். இல்லையென்றால் ‘கொ’வின் கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமும் சிதறும். ஏஜென்ட் வாசகத்தைத்தான் சரிபார்க்கும். வாசகம் சரியாகவே இருக்கும். சிதறல் தாளில்தான் தெரியும். ஆகவே அந்தக் கருவி கம்போசர் பேரையும் திருப்பித் தரட்டும்.

கேள்வி: இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் ஏஜென்ட் எழுதும் கட்டளை பாதிக்குமேல் ஓடுவதில்லை. புராஜெக்ட் தேதி நெருங்குகிறது. (மாணவர், மதுரை)

பதில்: எந்தப் பதிப்பு என்று குறிப்பில் எழுதினீர்களா? 2020 மே மாதம் வந்த இங்க்ஸ்கேப் 1.0, கட்டளை வரிகளை மாற்றிவிட்டது. முன்பு ‘எக்ஸ்போர்ட்-பிஎன்ஜி’ என்று இருந்தது, இப்போது ‘எக்ஸ்போர்ட்-டைப்’, ‘எக்ஸ்போர்ட்-ஃபைல்நேம்’ என்று பிரிந்திருக்கிறது. அதே 1.0இல் மேல் கீழ் கணக்கும் புரண்டது: முன்பு கீழ் மூலையிலிருந்து எண்ணினோம், இப்போது மேலிருந்து. அதற்கும் முன்னால், 2017இல் வந்த 0.92 அங்குலத்துக்கு 90 பிக்சல் என்றிருந்ததை 96 ஆக்கியது. பழைய படங்கள் சுருங்கி வந்து, நான் என் ஸ்கேலைச் சந்தேகப்பட்டேன். இணையத்தில் இந்த எல்லாக் காலத்துப் பதில்களும் கலந்து கிடக்கின்றன, ஏஜென்ட் படித்துத் தேறியது அவற்றில்தான். முதல் வரியிலேயே பதிப்பு எண்ணை எழுதி, ஓடுகிற கட்டளை ஒன்றை முழுசாக உதாரணம் காட்டுங்கள். உதாரணம் ஒன்று இருந்தால் அதைப் பார்த்துத்தான் எழுதும்.

அடோபி பக்கமும் இதே நோய் உண்டு. அடோபியின் ஸ்கிரிப்ட் மொழியான எக்ஸ்டென்ட்ஸ்கிரிப்ட்டுக்கு 1999ஆம் ஆண்டு ஜாவாஸ்கிரிப்ட்தான் தெரியும். ஏஜென்ட் ‘லெட்’, அம்புக்குறி என்று புதுக்காலத்து எழுத்துமுறை எல்லாம் போட்டு அழகாக எழுதும்; எக்ஸ்டென்ட்ஸ்கிரிப்ட் ‘என்னது?’ என்று நிற்கும். ‘வார் மட்டும், பழைய ஃபார் லூப் மட்டும்’ என்று என் குறிப்பில் இருக்கிறது.

கேள்வி: ஆட்டோகேட் என்ற வரைபட மென்பொருளில், அதன் நிரல்மொழியான ஆட்டோலிஸ்ப் மூலம் பிளான் போடவைக்கிறேன். சுவர்க் கோடுகள் சில சமயம் பக்கத்துக் கோட்டில் போய் ஒட்டிக்கொள்கின்றன. (வாசகர், திருச்சி)

பதில்: ஆட்டோகேட் என் வீட்டுக்காரருடைய தொழில், அவரைக் கேட்டுச் சொல்கிறேன். ஆஸ்நாப் (பக்கத்துப் புள்ளியில் ஒட்டவைக்கும் வசதி) போட்டபடியே இருந்திருக்கும். கட்டளை வழியாகக் கொடுக்கும் புள்ளியையும் அது பக்கத்து மூலைக்கு இழுக்கும். ஆரம்பத்தில் அந்த வசதியின் அமைப்பான ஆஸ்மோட் மதிப்பை எடுத்துவைத்துவிட்டு 0 ஆக்குங்கள், முடிந்ததும் பழைய மதிப்பைத் திரும்பப் போடுங்கள். பாதியில் பிழை வந்தாலும் திரும்பப் போட வேண்டும். இல்லாவிட்டால் அடுத்து உட்காருகிற ஆள் ஸ்நாப் வேலை செய்யவில்லை என்று உங்களைத் தேடி வருவார். படம் அங்குலத்திலா மில்லிமீட்டரிலா என்பதையும் கோணம் ரேடியனில் என்பதையும் எழுதுங்கள்.

கேள்வி: குறிப்பைத் தமிழில் எழுதலாமா, ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டுமா? (வாசகி, வேலூர்)

பதில்: தமிழில் எழுதினால் புரிந்துகொள்ளும். தமிழுக்கு டோக்கன் (ஏஐ வாசகத்தை உடைத்து எண்ணும் துண்டு) கூடுதலாகச் செலவாகும், கணக்குப் பார்ப்பவர்கள் அதையும் பாருங்கள். நான் கருவிப் பேரையும் உள்ளீட்டையும் ஆங்கிலத்திலும் விளக்கத்தைத் தமிழிலும் வைத்திருக்கிறேன் (இங்கே உங்களுக்காகத் தமிழாக்கித் தந்தேன்). காரணம், குறிப்பைச் சரிபார்க்க வேண்டியவர்கள் பிளேட் போடும் தம்பியும் கட்டிங்காரரும். அவர்கள் படித்து ‘இது தப்பு’ என்று சொல்ல முடியாத குறிப்பு எனக்கு எதற்கு?

கடைசியில் ஒரு சின்ன அகராதி சேருங்கள். எங்கள் கடையில் ‘மேட்டர்’ என்றால் அச்சாக வேண்டிய வாசகம். ‘பார்ட்டி’ என்றால் வாடிக்கையாளர். ‘பார்ட்டி மேட்டர் வந்தாச்சு’ என்றதற்கு ஏஜென்ட் விருந்து அழைப்பிதழ் வடிவமைக்கத் தயாரானது.

கேள்வி: குறிப்பு போதுமா, போதாதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? (வாசகர், சேலம்)

பதில்: ஏஜென்ட்டிடம் சோதிப்பதற்கு முன், புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவனிடம் அச்செடுத்துக் கொடுங்கள். இதைப் பார்த்து வேலை செய், என்னிடம் வாயே திறக்கக் கூடாது, கேட்கத் தோன்றுவதை ஓரத்தில் எழுது என்று சொல்லுங்கள். ஓரத்தில் அவன் எழுதுவது ஒவ்வொன்றும் குறிப்பில் விட்டுப்போன வரி.

எங்கள் பையன் பதினேழு கேள்வி எழுதியிருந்தான். பதினாறுக்கு உடனே பதில் எழுதிவிட்டேன். பதினேழாவது: ‘பெரிய பார்ட்டிக்கு மட்டும் பேர் சிவப்பில் வரும் என்று போட்டிருக்கிறீர்கள் அக்கா. பெரிய பார்ட்டி யார்?’ பத்து வருஷமாக நானே கையால் சிவப்புப் போடுகிறேன், ஆனால் யார் யார் என்று எழுத உட்கார்ந்தால் வரவில்லை. முதலாளியிடம் போனேன். மூன்று கடைப் பேர் சொன்னார். வாசல் வரை வந்தபோது திரும்பக் கூப்பிட்டு, ‘அந்த ரெண்டாவது கடையை அடிச்சிரும்மா, போன வருஷப் பாக்கியே இன்னும் வரலை’ என்றார்.